பதோவா வெயிலுக்கு ஒரு ஸ்ப்ரிட்ஸ்: அபெரோல், கம்பாரி, செலெக்ட் மூணையும் வாங்கி போட்டு பாத்தாச்சு

இந்த ஊரு வெயில பத்தி முதல்ல சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் ஒரு மாசமா மூணு பாட்டில வச்சுக்கிட்டு மில்லி கணக்குல அளந்து அளந்து ஊத்திட்டு இருந்தேன்னு புரியும். ஐரோப்பான்னா வருஷம் பூரா ஜில்லுன்னு இருக்கும்னு ஊர்ல நிறைய பேரு நினைச்சுட்டு இருக்காங்க. நான் இருக்கறது இத்தாலில பதோவா, வெனிஸ்ல இருந்து ட்ரெயின்ல அரை மணி நேரம், சுத்தி ஒரே சமவெளி, ஜூலை வந்துட்டா காத்தே அசையாது, 35 டிகிரி, சட்டை முதுகுல ஒட்டிக்கற புழுக்கம், கொசு வேற, நான் இருக்கற பழைய கட்டடத்துல ஏசி கிடையாது. மெட்ராஸ்ல வளந்த எனக்கே முதல் வருஷம் தாங்கல. சாயங்காலம் ஆறு ஆறரை ஆச்சுன்னா ஊரே வெளில வந்துடும். பியாத்சா தெல்லே எர்பே, அந்தப் பக்கம் பியாத்சா தெல்லா ஃப்ரூத்தான்னு ரெண்டு சதுக்கம், நடுவுல பலாத்சோ தெல்லா ரஜோனேன்னு பெரிய பழைய மாளிகை, காலைல அங்க காய்கறி பழ மார்க்கெட், சாயங்காலம் அதே இடத்துல மேஜை நாற்காலி போட்டு எல்லார் கைலயும் ஆரஞ்சு கலர்ல ஒரு கிளாஸ். அதுதான் ஸ்ப்ரிட்ஸ். புரோசெக்கோன்னு இந்தப் பக்கத்து நுரை ஒயின், அதுல கொஞ்சம் கசப்பு மது, மேல சோடா, நிறைய ஐஸ், ஒரு ஆரஞ்சு வில்லை. அவ்ளோதான்.

அவ்ளோதான்னு சொல்றேனே தவிர வீட்டுல போட்டா பார்ல வர மாதிரி வரவே இல்ல. ரெண்டு வருஷமா வரல. ஒரு தடவ பாகு மாதிரி இனிக்கும், ஒரு தடவ தண்ணியா இருக்கும், ஒரு தடவ நல்லா இருக்கும் ஆனா ஏன் நல்லா இருந்துச்சுன்னு தெரியாது. அதனால இந்த வருஷம் உக்காந்து ஒழுங்கா பாத்துடுவோம்னு அபெரோல், கம்பாரி, செலெக்ட்னு கசப்பு மது மூணு பாட்டிலும் வாங்கினேன். எல்லாம் என் காசு, சூப்பர்மார்க்கெட்ல, 700 மில்லி அபெரோல் 11 யூரோ சொச்சம், செலெக்ட் 13 கிட்ட, கம்பாரி அதுக்கும் கொஞ்சம் மேல. புரோசெக்கோ மட்டும் மொத்தம் ஏழு பாட்டில் போச்சு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்து குடிச்சு உதவி பண்ணாங்க.

எடுத்ததும் அபெரோல்ல ஆரம்பிக்கறேன், ஏன்னா அது பொறந்த ஊரே இதுதான். பர்பியேரின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1919ல இங்க பதோவால நடந்த பொருட்காட்சிலதான் அத முதல்ல வெளில கொண்டு வந்தாங்க, அப்புறம் 2003ல கம்பாரி கம்பெனி வாங்கிடுச்சு, உலகம் பூரா அந்த ஆரஞ்சு கலர் பரவுனது அதுக்கு அப்புறம்தான். ஆனா ஸ்ப்ரிட்ஸ் அபெரோல விட ரொம்ப பழசு. 19ம் நூற்றாண்டுல இந்த வெனெத்தோ பகுதி ஆஸ்திரியா ஆட்சில இருந்துச்சு, அப்ப இங்க இருந்த சிப்பாய்ங்களுக்கு இந்த ஊரு ஒயின் காட்டமா இருந்ததால கொஞ்சம் தண்ணி தெளிச்சு குடிச்சாங்கன்னு சொல்றாங்க, ஜெர்மன்ல தெளிக்கறதுக்கு ஸ்ப்ரிட்சன், பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் த்ரியெஸ்தே உதினே பக்கம் போனா வெறும் வெள்ளை ஒயின்ல சோடா ஊத்தி தர்றத ஸ்ப்ரிட்ஸ் பியாங்கோன்னு குடிக்கறாங்க. கசப்பு மது சேந்தது பின்னாடி, புரோசெக்கோ சேந்தது அதுக்கும் பின்னாடி. இந்தக் கதைய நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, இது அடிப்படைல தாகத்துக்கு குடிக்கற ஒயின், தெளிச்ச ஒயின், இனிப்பு காக்டெய்ல் இல்ல. அத மறந்துட்டு போட்டதாலதான் எனக்கு ரெண்டு வருஷம் வீணாச்சு.

எனக்கு இத புரிய வச்சது மேல் மாடில இருக்கற நோன்னா, அதாவது பாட்டி, எண்பது வயசு தாண்டிடுச்சு, என்ன தெசோரோன்னுதான் கூப்பிடுவாங்க, நம்ம ஊருல கண்ணுன்னு கூப்பிடற மாதிரி வச்சுக்கோங்க. ஜூன் கடைசில ஒரு நாள் மாடிப்படில பாத்துட்டு வாங்க நோன்னா ஒரு ஸ்ப்ரிட்ஸ் போடறேன்னு உள்ள கூப்பிட்டேன். பெரிய கிளாஸ் எடுத்து வச்சு நாலு ஐஸ் கட்டி போட்டேன். கியாச்சோன்னாங்க. கியாச்சோன்னா ஐஸ். இன்னும் ரெண்டு போட்டேன். கியாச்சோ, தெசோரோ, கியாச்சோ. கடைசில அவங்களே ட்ரேய வாங்கி தட்டி கிளாஸ் வாய் வரைக்கும் நிரப்பிட்டாங்க, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, இவ்ளோ ஐஸ் போட்டா தண்ணியா போயிடுமேன்னு. அப்புறம் ஃப்ரிட்ஜ தொறந்து உள்ள அபெரோல் பாட்டில தேடினாங்க, அது அலமாரில இருந்துச்சு, வெளி சூட்டுல. பாட்டில கையில தொட்டுப் பாத்துட்டு என்ன பாத்தாங்க பாருங்க, அந்தப் பார்வைய நான் மறக்க மாட்டேன், எங்க ஆச்சி உப்பு போடாத குழம்ப பாக்கற பார்வை.

விஷயம் என்னன்னா நிறைய ஐஸ் போட்டாதான் தண்ணியா ஆகாது. நாலு கட்டி போட்டா அந்த நாலும் தனியா நின்னு மொத்த கிளாஸையும் குளிர வைக்க வேண்டி இருக்கு, சீக்கிரம் கரைஞ்சு போயிடும். வாய் வரைக்கும் போட்டா எல்லாம் சேந்து டக்குனு குளிர்ந்துடும், அப்புறம் மெதுவாதான் கரையும். இன்னொண்ணு நுரை. கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த தண்ணிலதான் நிறைய தங்கும், 20 டிகிரில நிக்கற அளவ போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு 0 டிகிரில நிக்கும். அதனால சூடான அபெரோல ஊத்தின உடனே புரோசெக்கோல இருக்கற நுரையெல்லாம் புஸ்ஸுனு மேல வந்து போயிடுது, குடிக்கறப்ப நாக்குல ஒண்ணும் இல்ல, இனிப்பு மட்டும்தான் மிச்சம். நுரை இல்லாத ஸ்ப்ரிட்ஸ் கேஸ் போன கோலி சோடா மாதிரி, சர்க்கரை தண்ணி. இப்ப என் வீட்டுல அபெரோல், சோடா, புரோசெக்கோ மூணும் காலைலயே ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடும், கிளாஸ கூட பத்து நிமிஷம் ஃப்ரீசர்ல வைக்கறேன். இந்த ஒரு விஷயம் பண்ணாலே பாதி வேலை முடிஞ்சுது, எந்த பிராண்டுங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான், இத நான் ரொம்ப உறுதியா சொல்றேன்.

ஆனா புரோசெக்கோ பாட்டில ஃப்ரீசர்ல வைக்காதீங்க. அவசரத்துக்கு வச்சுட்டு மறந்துட்டேன், மூணு மணி நேரம், எடுத்துப் பாத்தா கார்க் பாதி வெளில தள்ளிட்டு நிக்குது, கம்பி மட்டும்தான் புடிச்சு வச்சிருக்கு. உள்ள இருக்கற ஒயின் உறைஞ்சா விரியும், ஏற்கனவே ஸ்புமாந்தேங்கற முழு நுரை வகை பாட்டில்ல 3 பாருக்கு மேல அழுத்தம் இருக்கும், கார் டயர்ல இருக்கறத விட அதிகம், வெடிச்சா கண்ணாடி சில்லு மூஞ்சில. அவசரம்னா ஒரு பக்கெட்ல ஐஸும் தண்ணியும் கலந்து ஒரு கை உப்பு போட்டு பாட்டில அதுல முக்கி வைங்க, அரை மணி நேரம் போதும். திறக்கறப்பவும் கார்க்க திருகாதீங்க, கார்க்க ஒரு கையால அழுத்தி புடிச்சுக்கிட்டு பாட்டில அடியில புடிச்சு திருப்புங்க, டப்புனு சத்தம் வரக்கூடாது, மூச்சு விடற மாதிரி ஸ்ஸ்னு வரணும். சத்தம் வந்தா அவ்ளோ நுரை வீணா போச்சுன்னு அர்த்தம்.

கடையில வாங்கி குடிக்கறதுலயும் இதே கதைதான். போன வருஷம் ஊர்ல இருந்து வந்த ஃப்ரெண்ட் ஒருத்தன கூட்டிட்டு வெனிஸ் போனேன், டூரிஸ்ட் கூட்டம் குவியற ஒரு சதுக்கத்துல கால் வலிக்குதேன்னு உக்காந்துட்டோம், பேரு சொல்லல, ஒரு கிளாஸ் 12 யூரோ, ரெண்டே ரெண்டு ஐஸ் கட்டி மிதக்குது, காலைல திறந்த புரோசெக்கோவா இருக்கணும், ஒரு குமிழி இல்ல. அவன் ஒரு வாய் குடிச்சுட்டு இதுக்காடா இவ்ளோ பில்டப்னு கேட்டான். எனக்கு நிஜமாவே வருத்தமா இருந்துச்சு, இது இப்படி இருக்காதுடா, இது இப்படி இருக்கவே கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லிட்டே வந்தேன். இங்க பதோவால காலேஜ் பசங்க நிக்கற சாதாரண பார்ல நாலு யூரோவுக்கு அத விட பத்து மடங்கு நல்ல ஸ்ப்ரிட்ஸ் கிடைக்கும், கூட ஒரு கிண்ணம் சிப்ஸும் வரும். அங்க பாட்டில் திறக்கற வேகத்துக்கு நுரை போக நேரமே கிடையாது, அதுதான் ரகசியம்.

இப்ப புரோசெக்கோ. இதுலதான் நான் பெரிய தப்பு பண்ணிட்டு இருந்தேன். பாட்டில்ல எக்ஸ்ட்ரா டிரைன்னு போட்டிருந்தா நாம என்ன நினைப்போம், இனிப்பே இருக்காதுன்னுதானே? நேர்மாறு. லிட்டருக்கு 12ல இருந்து 17 கிராம் வரைக்கும் சர்க்கரை இருந்தா அது எக்ஸ்ட்ரா டிரை. ப்ரூட்னு போட்டிருந்தா 12 கிராமுக்கு உள்ள. வெறும் டிரைன்னு போட்டிருந்தா 17ல இருந்து 32 வரைக்கும், அது இன்னும் இனிப்பு. அபெரோல்ல ஏற்கனவே சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கு, அதுல எக்ஸ்ட்ரா டிரை ஊத்தினா பாகு ஆகாம என்ன ஆகும், ரெண்டு வருஷமா நான் பண்ணது அதுதான். ப்ரூட்டுக்கு மாறின அன்னைக்கே கிளாஸ் வேற மாதிரி ஆயிடுச்சு. பாட்டில் கழுத்துல டிஓசின்னு, அதாவது சொன்ன இடத்துலதான் பண்ணதுன்னு உறுதி சொல்ற சீல் இருந்தா போதும், ஸ்ப்ரிட்ஸுக்கு வல்தொபியாதெனே மலைச்சரிவுல விளையற, அதுக்கும் மேல் தரமான டிஓசிஜி எல்லாம் வாங்கி கசப்பு ஊத்தி மறைக்காதீங்க, பாவம், அத தனியா குடிக்கணும். அந்த மலைங்கள 2019ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க, ஒரு தடவ பஸ்ல போயிருக்கேன், செங்குத்தா சரியற மலைல கையாலதான் திராட்சை பறிக்க முடியும், அத பாத்துட்டு வந்தா அந்த ஒயின சோடாவோட கலக்க மனசு வராது.

திராட்சை பேரு கிளேரா. முன்னாடி திராட்சைக்கே புரோசெக்கோன்னுதான் பேரு, 2009ல சட்டம் மாத்தி புரோசெக்கோங்கறது இடத்தோட பேருன்னு ஆக்கிட்டாங்க, அந்தப் பேருல த்ரியெஸ்தே பக்கத்துல ஒரு கிராமமே இருக்கு. ஷாம்பெயின் மாதிரி பாட்டில்லயே ரெண்டாவது தடவ நொதிக்க விடறது இல்ல, அழுத்தம் தாங்கற பெரிய டேங்க்ல நொதிக்க வச்சு அப்படியே பாட்டில்ல அடைக்கறாங்க, அதனாலதான் விலையும் கம்மி, பச்சை ஆப்பிள் பேரிக்கா வாசனையும் அப்படியே நிக்குது. இந்தக் கலவைக்கு அந்த பழ வாசனைதான் வேணும், ஷாம்பெயின்ல வர ரொட்டி வாசனை கசப்போட சண்டை போடும். பதோவால இருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம், தெற்க இருக்கற ஏவ்கானே குன்றுகள்ல அதே கிளேராவ செர்ப்ரீனோன்னு பேரு வச்சு விக்கறாங்க, நுரை கொஞ்சம் மென்மை, விலையும் கம்மி, நான் ரெண்டு பாட்டில் போட்டு பாத்தேன், நல்லா இருக்கு ஆனா நுரை சீக்கிரம் அடங்கிடுது, கிளாஸ மெதுவா குடிக்கறவங்களுக்கு ஒத்து வராது.

அளவு இங்க எல்லாரும் சொல்றது மூணு, ரெண்டு, ஒண்ணு. 90 மில்லி புரோசெக்கோ, 60 மில்லி அபெரோல், 30 மில்லி சோடா. முதல்ல ஐஸ், அப்புறம் புரோசெக்கோ, அப்புறம் அபெரோல், கடைசில சோடா. அபெரோல முதல்ல ஊத்தினா சர்க்கரை கனத்துல அடியில போய் உக்காந்துக்கும், அப்புறம் ஸ்பூன் போட்டு கலக்கணும், கலக்கினா நுரை போச்சு. மேல இருந்து சாஞ்சு ஊத்தினா அதுவே இறங்கிட்டே கலந்துக்கும், அந்த ஆரஞ்சு கலர் ஐஸ் சந்துல சந்துல இறங்கறத ஒரு தடவ வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாருங்க. எனக்கு அளவுல ஒரு மாத்தம் உண்டு, அபெரோல் 50 மில்லி போதும், மிச்ச 10 சோடாவுல போட்டுடறேன்.

சரி பாட்டிலுங்க. அபெரோல் 11 சதவீதம் ஆல்கஹால், புரோசெக்கோவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கசப்பு ஆரஞ்சு, ஜென்ஷியன் வேர், ரூபார்ப், சிங்கோனா பட்டை எல்லாம் போடறதா சொல்றாங்க. சிங்கோனான்னதும் எனக்கு நீலகிரி நடுவட்டம் ஞாபகம் வந்துடுச்சு, அந்தக் காலத்துல மலேரியாவுக்கு க்வினைன் எடுக்கறதுக்காக அங்க தோட்டமே போட்டாங்க, அதே பட்டை. மூக்குகிட்ட கொண்டு போனா ஆரஞ்சு மிட்டாய் வாசனை தூக்கலா வரும், குடிச்சா முதல்ல இனிப்பு, கடைசில லேசா ஒரு கசப்பு, ரொம்ப லேசு. முதல் தடவ குடிக்கறவங்களுக்கு இதுதான் சரி, யாருக்கும் புடிக்காம போகாது. ஆனா பாகற்காய் வறுவல், நாரத்தங்காய் ஊறுகாய், சுண்டவத்தல்னு வளந்த நாக்குக்கு இது கசப்பே இல்ல. ரெண்டாவது கிளாஸ் பாதில எனக்கு இனிப்பு திகட்ட ஆரம்பிச்சுடுது. அபெரோல் மோசம்னு சொல்லல, நல்ல சரக்கு, விலைக்கு நியாயமான சரக்கு, ஆனா ப்ரூட் இல்லாம தொடாதீங்க.

கம்பாரி அதுக்கு நேர் எதிர். 1860ல இருந்து வருது, ரத்த சிவப்பு, இங்க விக்கற பாட்டில்ல 25 சதவீதம். கசப்புன்னா இது கசப்பு, நாக்கோட பின்பக்கம் போய் உக்காந்துக்கிட்டு கிளம்பவே மாட்டேங்குது, எனக்கு அந்தக் கசப்பு ரொம்ப புடிக்கும், நாரத்தங்காய கடிச்ச மாதிரியே ஒரு தோல் காட்டம். ஆனா மத்தியான வெயில்ல குடிக்க கனமா இருக்கு, உடம்பு சூடாகுது, புரோசெக்கோவோட பழ வாசனைய மொத்தமா முழுங்கிடுது. கம்பாரி போடறதா இருந்தா 30 மில்லியோட நிறுத்துங்க. இல்லன்னா இங்க மிஸ்தோன்னு கேப்பாங்க, அபெரோல் பாதி கம்பாரி பாதி, பார்ல ஸ்ப்ரிட்ஸ் கேட்டா எதோடன்னு திருப்பி கேப்பாங்கல்ல, அப்ப மிஸ்தோன்னு சொல்லிப் பாருங்க. வீட்டுல 30 அபெரோல் 20 கம்பாரி போட்டேன், ரெண்டு பாட்டிலும் கையில இருக்கறவங்களுக்கு அருமையான வழி.

ஆனா என் ஓட்டு செலெக்டுக்குத்தான். வெனிஸ்காரங்களோட சரக்கு இது, 1920ல பில்லா சகோதரர்கள் வெனிஸ்ல ஆரம்பிச்சது, 17.5 சதவீதம், அபெரோலுக்கும் கம்பாரிக்கும் நடுவுல. கலர் ஆரஞ்சு இல்ல, மாதுளம் ஜூஸ் கலர். ஜூனிப்பர் காயும் ரூபார்ப் வேரும் போடறாங்க, அந்த ஜூனிப்பர்தான் வித்தியாசம் காட்டுது, ஜின்ல வர பைன் மர வாசனை, அது மூக்குக்கு போனாலே ஒரு குளிர்ச்சி. இதுல ஆரஞ்சு வில்லை மட்டும் இல்ல, ஒரு பெரிய பச்சை ஆலிவ குச்சில குத்தி உள்ள விடுவாங்க. நான் முதல்ல இது என்னடா கோமாளித்தனம்னு நினைச்சு ஆலிவ் இல்லாம போட்டேன், பரவால்ல ரகம். அப்புறம் உப்புத்தண்ணில ஊறின பெரிய ஆலிவ் டப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்து ஒண்ண துடைக்காம அப்படியே போட்டேன், அந்த ரெண்டு சொட்டு உப்புத்தண்ணி கிளாஸுக்குள்ள இறங்குச்சு, அவ்ளோதான், எல்லாம் சேந்துடுச்சு. இனிப்பு அடங்கிடுச்சு, கசப்பு உருண்டையா ஆயிடுச்சு, மோர்ல உப்பு போட்டா எப்படி தாகம் அடங்குதோ அப்படி. கொய்யாக்கும் மாங்காய்க்கும் உப்பு தொட்டு சாப்பிடற நமக்கு இத யாரும் விளக்க வேண்டியதே இல்ல. கடைசில ஐஸெல்லாம் கரைஞ்ச அப்புறம் அடியில கிடக்கற அந்த ஆலிவ சாப்பிடுங்க, கசப்பு இனிப்பு உப்பு மூணும் ஊறி இருக்கும், அதுக்காகவே நான் இப்ப ரெண்டு போடறேன். மேல் மாடி நோன்னா அபெரோல் கட்சி, பதோவா சரக்க விட்டுட்டு வெனிஸ் சரக்கா குடிக்கறன்னு கோச்சுக்கிட்டாங்க, ஆனா கிளாஸ காலி பண்ணிட்டுதான் கோச்சுக்கிட்டாங்க.

எவ்ளோ ஏறும்னு கேக்கறவங்களுக்கு கணக்கு போட்டு வச்சிருக்கேன். மூணு ரெண்டு ஒண்ணு அளவுல அபெரோல் போட்டா கிளாஸ்ல சுத்தமான ஆல்கஹால் 16.5 மில்லி, அது 5 சதவீத பீர் 330 மில்லி பாட்டில் ஒண்ணுக்கு சரிசமம். செலெக்ட் போட்டா 20 மில்லி தாண்டும், கம்பாரிய அதே 60 போட்டா 25 கிட்ட வரும். ஜில்லுன்னு இனிப்பா இருக்கறதால வேகமா இறங்கும், வெறும் வயித்துல குடிக்காதீங்க, பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க, வண்டி எடுக்காதீங்க. இங்க யாரும் வெறுமனே குடிக்கறது இல்ல, ஏதாவது உப்பா கொறிக்க இருக்கும், நான் வறுத்த வேர்க்கடலையும் மிளகு தட்டையும் வைக்கறேன், இத்தாலிக்கார ஃப்ரெண்ட்ஸ் தட்டைய காலி பண்ணிட்டு அடுத்த பாக்கெட் எப்ப வரும்னு கேக்கறாங்க. காசு கணக்கு பாத்தா 7 யூரோ புரோசெக்கோ பாட்டில்ல எட்டு கிளாஸ் வரும், அபெரோல் பாட்டில்ல பதினொண்ணு பன்னெண்டு, எல்லாம் சேத்து வீட்டுல ஒரு கிளாஸ் ரெண்டு யூரோ சுமாருக்கு முடிஞ்சுடும்.

ஆரஞ்சு பத்தி ஒரு வார்த்தை. இத்தாலி ஆரஞ்சு குளிர்கால பழம், ஜூலைல மார்க்கெட்ல கிடைக்கறது தென்னாப்பிரிக்கால இருந்து வரது, தோல்ல மெழுகு பூசி இருக்கும், சுடுதண்ணில நல்லா தேச்சு கழுவிட்டு வெட்டுங்க, அந்த தோல்தான் மொத்த நேரமும் கிளாஸுக்குள்ள ஊறப் போகுது.

கசப்பே வேணாம்னு சொல்றவங்களுக்கு ஊகோ இருக்கு, 2005ல வடக்க மலைப்பக்கம் ஆல்தோ அதிஜேல நாத்தூர்னோங்கற ஊருல ரோலண்ட் க்ரூபர்னு ஒரு பார்மேன் பண்ணது, இப்ப எல்லாரும் போடறது புரோசெக்கோ, எல்டர்ஃப்ளவர் சிரப், சோடா, புதினா. புதினாவ கசக்காதீங்க, உள்ளங்கைல வச்சு ஒரு தட்டு தட்டி போடுங்க. வாசனை பன்னீர் சோடாவுக்கு கிட்ட வரும், எனக்கு ஒரு கிளாஸுக்கு மேல போகாது. வெள்ளை பீச் பழம் சீசன்ல பெல்லினி, அது வெனிஸ் ஹாரிஸ் பார்ல ஜுசெப்பே சிப்ரியானி 1948ல போட்டது, பெல்லினிங்கற பழைய ஓவியரோட பேரு. 100 மில்லி புரோசெக்கோவுக்கு 50 மில்லி பீச் கூழ், ஐஸ் கிடையாது, அதனால கூழும் பல்லு கூசற அளவு குளிரா இருக்கணும். மஞ்சள் பீச் போட்டா கலரும் வராது ருசியும் வராது. ஜூலைல நல்லா கனிஞ்ச வெள்ளை பீச் கிடைச்சா ஒரு நாள் கண்டிப்பா போடுங்க, பாட்டில் பீச் ஜூஸ்ல போடறதா இருந்தா வேணாம் விட்டுடுங்க.

ஆகஸ்ட்ல என் அக்கா வந்திருந்தா, குடிக்க மாட்டா. எல்லாரும் கிளாஸ் வச்சுட்டு இருக்கப்ப அவளுக்கு மட்டும் தண்ணி குடுக்க எனக்கு மனசு வரல. இங்க க்ரோதீனோன்னு சின்ன பாட்டில்ல விக்கும், ஆல்கஹால் இல்ல, அதே ஆரஞ்சு கலர், அதே மூலிகை கசப்பு. கிளாஸ் நிறைய ஐஸ், க்ரோதீனோ, கொஞ்சம் சோடா, ஆரஞ்சு வில்லை, ஆலிவ். ரெண்டு வாய் குடிச்சுட்டு சின்ன வயசுல அப்பா வாங்கித் தர கசப்பு டானிக் மாதிரி இருக்குடா ஆனா நல்லா இருக்குன்னா, அப்புறம் தினமும் சாயங்காலம் அவளே ஃப்ரிட்ஜ தொறந்து எடுத்துக்கிட்டா. வீட்டுல யாராவது குடிக்காதவங்க இருந்தா ஆறு பாட்டில் பாக்கெட் ஒண்ணு வாங்கி வைங்க.

மிச்சம் ஆகற புரோசெக்கோவுக்கு கழுத்துல ஸ்பூன் தொங்க விட்டா நுரை நிக்கும்னு இங்க வயசானவங்க நிறைய பேரு சொல்வாங்க, நிக்கல, நான் வச்சு பாத்துட்டேன். நாலஞ்சு யூரோவுக்கு இறுக்கி மூடற ஸ்பெஷல் மூடி விக்கும், அத மாட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சா மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நல்லாவே இருக்கு, மூணாவது நாள் சமையலுக்குதான். அபெரோல் செலெக்ட் எல்லாம் திறந்தாலும் மாசக்கணக்குல கெடாது, ஃப்ரிட்ஜ் கதவுல நிக்க வச்சுடுங்க, அலமாரில வேணாம்.

ஊர்ல இருந்து கேக்கற ஃப்ரெண்ட்ஸுக்கு, புரோசெக்கோவே வேணும்னு தேடி அலையாதீங்க, நாசிக்ல பண்ற சூலா ப்ரூட், அங்கயே திந்தோரில பண்ற ஷாந்தோன் ப்ரூட் ரெண்டுமே ப்ரூட்தான், பாட்டில்ல நொதிக்கற வகைங்கறதால பழ வாசனை கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா நுரை நல்லா நிக்கும், அதுக்கு சோடாவ பாதியா குறைச்சுக்கோங்க. நம்ம ஊரு வெயிலுக்கு ஐஸ் ட்ரே ரெண்டு இல்ல நாலு வேணும். கசப்பு பாட்டில டியூட்டி ஃப்ரீல பாருங்க, ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் கொண்டு வரலாம். நான் டிசம்பர்ல வரேன், சித்தப்பா இப்பவே சொல்லி வச்சிருக்கார், செலெக்ட் ஒரு பாட்டில் அவருக்கு, கூடவே அந்த பெரிய ஆலிவ் டப்பாவையும் துணி சுத்தி பெட்டில வைக்கணும்.